ஐந்தே கால் பஸ்ஸும் பத்து நிமிடக் கடனும்

முதலாளி ஒன்பது பெண்களுக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம் கடன்பட்டிருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் கணக்கல்ல, ஆறு வருடம். அதைக் கடன் என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தார். யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காத மனுஷன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதில் அவருக்கு அலுப்பே வந்ததில்லை. கேட்டவர்களுக்குத்தான் வந்தது.

இதை எழுதுகிறவனுக்கு அவரை நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். ‘நான்’ என்று எழுதினால் கை தன்னாலே புகழ ஆரம்பித்துவிடும் என்பதால், ‘முதலாளி’ என்றே எழுதிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

முதலாளி படித்தது நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் தன்னைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்பார். உண்மையில் பீஸ் கட்ட ஆள் இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு தங்கும் விடுதியின் பின்கட்டில் படுக்கை விரிப்பு துவைக்கச் சேர்ந்தார். இருபத்தெட்டு வயதில், மூடிப்போன ஓர் ஆஸ்பத்திரியின் பழைய சலவை மெஷினை இரும்பு விலைக்கு வாங்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, மூன்று தெரு தூரம் ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு வந்தார். கதை சொல்லும்போது மூன்று தெரு ஏழு தெருவாகும். கேட்பவர் புதியவராக இருந்தால் மழையும் பெய்யும்.

இன்று அவருடைய சலவைக் கூடத்தில் நான்கு மெஷின், இரண்டு உலர்த்தி, ஒரு கார் நீளத்துக்கு உருளை இஸ்திரி. ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் புது நோட்டுப் புத்தகத் தாள் மாதிரி வந்து விழும். அந்த உருளையை வாங்கிய கடனை அடைக்கத்தான் அவர் முதன்முதலில் கடிகாரத்தில் கை வைத்தார். உருளைக் கடன் மூன்றே வருடத்தில் அடைந்தது. கடிகாரத்தில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

செய்முறை எளிது. தினமும் மூன்று மணிக்கு ஹோட்டல் வண்டி வரும். அழுக்கு மூட்டை இறக்க ஒன்பது பேரும் பின்வாசலுக்குப் போவார்கள். அந்த நேரம் முதலாளி ஸ்டூலில் ஏறி, மடிப்பு மேசைக்கு மேலே தொங்கும் கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளுவார். சாயங்காலம் எல்லாரும் போனபிறகு மறுபடி ஏறிச் சரிசெய்வார். பெண்களின் போன்கள் காலையிலேயே அலுவலகத் தகரப் பெட்டிக்குள் போய்விடும். பஞ்சுத் தூசும் ஈரமும் போனுக்கு ஆகாதாம். கைக்கடிகாரமும் கூடாது, துணியில் மாட்டுமாம். இவ்வளவு அக்கறையுள்ள முதலாளி வேறெங்கும் கிடைக்கமாட்டார் என்று சொல்வது யார் என்றால், முதலாளி.

அந்தப் பெண்களுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஐந்தே கால் பஸ்.

ஐந்து மணிக்கு வேலை முடியும். கை கழுவி, உடை மாற்றி, போனை எடுத்துக்கொண்டு, எட்டு நிமிடம் நடந்தால் நிறுத்தம். கணக்குப்படி பஸ் கிடைக்க வேண்டும். கிடைத்ததே இல்லை. தினமும் அது திருப்பத்தில் வால் காட்டிக்கொண்டு போகும். அடுத்த பஸ் ஆறே காலுக்கு. ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். முதலில் குழாயின்மேல் பழி போட்டார்கள். ஒன்பது பேருக்கு ஒரே குழாய், அதனால்தான் தாமதம் என்று. முதலாளி பெருந்தன்மையோடு இன்னொரு குழாய் போட்டுக்கொடுத்தார். அதற்கு ஒரு சின்னத் திறப்பு விழாவும் நடத்தினார். அப்படியும் பஸ் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் மடிப்பு மேசையின் தலைவி, எல்லாரும் ‘மடிப்பு அக்கா’ என்று கூப்பிடும் பெண், களத்தில் இறங்கினாள். பக்கத்துத் தையல் கூடத்திலும் ரொட்டிக் கடையிலும் நடந்து நடந்து நானூற்றுச் சொச்சம் கையெழுத்து வாங்கினாள். போக்குவரத்து அலுவலகத்தில் ஒன்பது பேரும் விடுமுறை நாளெல்லாம் போய் உட்கார்ந்தார்கள். மனு போட்டார்கள், மனு தொலைந்தது, மறுபடி போட்டார்கள். ஒரு நாள் பஸ்ஸுக்கு முன்னாலேயே நின்றார்கள். இரண்டு வருடம் ஆயிற்று. கடைசியில் ஐந்தே கால் பஸ் ஐந்து இருபத்தைந்துக்கு மாறியது. ஊரே அதைப் பேசியது.

அந்தப் போராட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே ஒரு பெண் படமெடுத்து வந்தாள். ஒரு கேமரா, ஒரு முதுகுப் பை, தேய்ந்த செருப்பு. பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது, சொந்தக் காசு.

“ஐயா, உங்ககிட்டயும் கொஞ்சம் பேசணும்,” என்றாள்.

“கொஞ்சம்தானா?” என்றார் முதலாளி.

பெண்கள் வேலை முடிந்து போனபின் மூன்று மணி நேரம் பேசினார். கோட்டு போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி மெஷினின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு. தள்ளுவண்டி ஒன்பது தெரு வந்தது. மழையோடு இடியும் சேர்ந்தது. இரண்டாவது குழாயைத் திறந்து மூடிக் காட்டினார். அந்தப் பெண் கடைசியாகச் சும்மா ஒரு கேள்வி கேட்டாள்: “உங்க வெற்றிக்கு ரகசியம் என்னங்கய்யா?”

வேறு யாராவது உழைப்பு என்று சொல்லியிருப்பார்கள். முதலாளிக்கு அது சப்பென்றிருந்தது. உழைப்பை எல்லாரும்தான் சொல்கிறார்கள். மூளையை யார் சொல்கிறார்கள்? ஆறு வருடமாக இவ்வளவு பெரிய சாமர்த்தியத்தை மெச்ச ஒரு ஆள் இல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்து அவருக்குப் புழுங்கியிருந்தது.

“இங்க வா பாப்பா,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். “இந்த முள்ளை இப்படி... பத்தே நிமிஷம். ஒருத்தருக்கும் தெரியாது. நாலாவது படிச்சவன் மூளை எப்படி?”

“ரொம்பப் பெரிய மூளைங்கய்யா,” என்றாள் அவள். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

உள்ளூர்ப் படவிழா நூலகத்தின் மாடிக் கூடத்தில் மூன்று நாள் நடந்தது. மடக்கு நாற்காலிகள், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சுவரில் வெள்ளைத் திரை. அந்தத் திரையை விழாக்காரர்களிடமிருந்து கேட்டு வாங்கி, காசு வாங்காமல் துவைத்துக் கொடுத்தவர் முதலாளி. தன் முகம் அழுக்குத் திரையில் தெரிய வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான்.

அந்த வாரம் முழுக்கக் கூடத்தில் ஒன்பது பேரும் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார்கள். படமெடுத்த பெண் முன்னதாகவே அவர்களைக் கூட்டி வைத்துப் படத்தைக் காட்டிவிட்டாள் என்பது முதலாளிக்குத் தெரியாது. ‘பாவம், படத்துல வர்ற கூச்சம்’ என்று நினைத்து, ஒவ்வொருத்தி முதுகிலும் தைரியம் சொல்லித் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக் காட்சிக்குப் பதினான்கு டிக்கெட் வாங்கியிருந்தார். மனைவி, மகள், மருமகன், சம்பந்தி வீட்டார், முடி திருத்துகிறவர், எதிர்க்கடைக்காரர். எதிர்க்கடைக்காரருக்கு டிக்கெட் கொடுத்தது அன்பினால் அல்ல. சட்டைப் பையில் பேச்சு ஒன்று மடித்து வைத்திருந்தார். தெரியாத எழுத்தையெல்லாம் மகளிடம் கேட்டு எழுதிய இரண்டு பக்கம்.

முதலில் வேறொரு படம் ஓடியது. ஒரு மாடிக் குடியிருப்பில் பதினோரு வருடமாக ஓடாத லிஃப்டை அங்கே குடியிருந்தவர்களே காசு சேர்த்து, கற்றுக்கொண்டு, பழுது பார்த்த கதை. கூடத்தில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். முதலாளி மனைவியின் காதில், “பால்கனியில தொங்குதே அந்த விரிப்பு, சரியா அலசல. சோப்பு நிக்குது பாரு,” என்றார்.

“படத்தைப் பாருங்க,” என்றாள் மனைவி.

அடுத்து அவருடைய படம். ‘ஐந்தே கால்’ என்று பெயர் வந்தது. மடிப்பு அக்கா விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து உதறுகிறாள். பஸ் வால் காட்டிக்கொண்டு போகிறது. கையெழுத்துத் தாள்கள். போக்குவரத்து அதிகாரி ஒருவர், “நாங்களே கடிகாரத்தை வெச்சுக்கிட்டு நடந்து பார்த்தோம். எட்டு நிமிஷம்தான். இந்த அம்மாங்க மெதுவா நடக்குறாங்கன்னு நெனச்சோம்,” என்கிறார். பஸ் டிரைவர், “நான் வர்ற நேரத்துக்குத்தாங்க வந்தேன்,” என்று தலையைச் சொறிகிறார். முதலாளி எப்போது வருவார் என்று முதலாளி காத்திருந்தார்.

முப்பத்தி நாலாவது நிமிடத்தில் வந்தார். மெஷின்மேல் கை, கோட்டு, எல்லாம் நேர்த்தி. “யாருக்கும் ஒரு காசு பாக்கி வெச்சதில்ல,” என்று திரையில் சொன்னார். முடி திருத்துகிறவர் பலமாகக் கைதட்டினார். தட்டிய கை பாதியில் நின்றது. ஏனென்றால் திரையில் இருந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக்கொண்டிருந்தார்.

“பத்தே நிமிஷம். ஒருத்தருக்கும் தெரியாது.”

மடக்கு நாற்காலிகள் கிறீச்சிட்டன. அப்புறம் யாரோ பின்வரிசையில், “அட!” என்றார்கள். முதலாளிக்குக் காது சூடாயிற்று. சினிமாவில் அவர் எத்தனையோ வில்லனைப் பார்த்துக் கையை முறுக்கியிருக்கிறார். வில்லனும் முன்வரிசையில் பதினான்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருப்பான் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

படத்தின் கடைசிக் காட்சியில் ஒன்பது பேரும் யாரோ ஒருத்தியின் அடுக்களையில் சின்னக் கணினிக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து, இதே காட்சியைப் பார்க்கிறார்கள். பிறகு மடிப்பு அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப பஸ்ஸு சரியாத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்கு! அந்த டிரைவரை ரெண்டு வருஷமா என்ன திட்டு திட்டியிருப்பேன்!” என்றாள். அவள் முகத்தோடு படம் முடிந்தது. அந்த முகத்தில் சிரிப்பு அப்போது மிச்சமில்லை.

விளக்குப் போட்டார்கள். விழா நடத்துகிறவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, படத்தில் வந்தவர்கள் எல்லாரும் மேடைக்கு வரலாம் என்றார். ஒன்பது பேரும் ஏறினார்கள். டிரைவரும் ஏறினார்.

“நீங்க போகலியா?” என்றாள் மனைவி.

“எதுக்கு?”

“படத்துல வந்தவங்க எல்லாரும்னு சொன்னாங்களே. நீங்கதான் நல்லா வந்திருக்கீங்க.”

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடினால் அந்த ஆள் இருபது வருடம் சொல்லிச் சிரிப்பான். முதலாளி எழுந்தார். மேடையில் அவருக்கு நாற்காலி இல்லை. டிரைவர் பக்கத்தில் போய் நின்றார். டிரைவர் ஓர் அடி தள்ளி நின்றார்.

முதலாளி ஒலிபெருக்கியை வாங்கினார். சட்டைப் பையிலிருந்த பேச்சுக்குக் கை போனது. ‘ஒற்றை ஆளாகத் தள்ளுவண்டியில்...’ என்று தொடங்கும் பேச்சு. அதை வெளியே எடுக்கத் தைரியம் வரவில்லை.

“என்கிட்ட வேலைக்கு வந்த இந்த ஒன்பது பேருல ஒருத்தர்கூட ஆறு வருஷத்துல விட்டுப் போகல,” என்றார். நல்ல மனுஷன் என்பதற்கு அவரிடம் அந்த நேரத்தில் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

“ஆமா முதலாளி,” என்றாள் மடிப்பு அக்கா. குரலில் கோபமே இல்லை, தேன் மாதிரி இருந்தது. “ஒன்பது பேரும் ஆறு வருஷமா இருக்கோம். ஒரு நாள்கூட அதிகமா லீவு எடுக்கல. எங்களுக்குத்தான் கணக்கு வராது. நீங்க கணக்குல புலியாச்சே. பத்து பத்து நிமிஷம் மொத்தம் எவ்ளோ ஆகும்னு ஒரு தடவை சொல்லுங்களேன்.”

முன்வரிசையில் கண்ணாடி போட்ட வாத்தியார் ஒருவர் உதவிக்குப் போனை எடுத்து எண்களைத் தட்ட ஆரம்பித்தார். அதைத்தான் முதலாளியால் பொறுக்க முடியவில்லை. அவர் இருக்கிற இடத்தில் ஒருத்தர் மெஷினில் கணக்குப் போடுவதா?

“போனை உள்ள வைங்க சார்!” என்றார். கண்ணை மூடினார். “வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை. பத்து நிமிஷம்னா மூவாயிரம் நிமிஷம். அம்பது மணி நேரம். ஆறு வருஷத்துக்கு முந்நூறு மணி நேரம். மணிக்கு நாற்பது கூலி. ஆளுக்குப் பன்னிரண்டாயிரம்!”

“அஞ்சு மணிக்கு மேல வேலை செஞ்சா ஒன்றரை மடங்குன்னு நீங்களே செவுத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க முதலாளி.”

“அப்ப பதினெட்டாயிரம்,” என்றார் முதலாளி, மூச்சுகூட வாங்காமல். “ஒன்பது பேருக்கு ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்!”

வாத்தியார் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடித்து, போனைத் தூக்கிக் காட்டி, “ரொம்பச் சரி,” என்றார். கூடமே கைதட்டியது. முதலாளி கையை உயர்த்தி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தலை குனிந்து வணங்கினார். இரண்டாவது தடவை குனிந்தபோதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது மண்டைக்குள் இறங்கியது. குனிந்த தலையை நிமிர்த்த நேரம் பிடித்தது.

“எப்ப முதலாளி?” என்றாள் மடிப்பு அக்கா. தேன் இப்போது இல்லை.

“என்ன எப்ப?”

இருநூறு பேர் அவர் வாயைப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

“செவ்வாக்கிழமைன்னு சொல்லுங்க. நாளைக்குத்தானே பேங்க் திறக்கும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் பேசினார். வாங்குவதாக இருந்த புது உலர்த்திக்குச் சேர்த்து வைத்த பணம் அது. மொத்தமும் போய்விடும். ஆளுக்கு இரண்டு நல்ல விரிப்பு கொடுத்தால் ஆகாதா? ஹோட்டலில் வைக்கிற தரம். இல்லாவிட்டால் மூன்றாவது குழாய்?

“குழாயா?” என்றாள் மனைவி. “இன்னொரு குழாயைப் போட்டீங்கன்னா நானே அதுல உங்களைக் கட்டிவெச்சுத் திறந்துவிடுவேன்.”

“என்னை ஊரே திருடன்னு பார்த்துச்சு. அது உனக்குப் பெருசா இல்ல?”

“உங்களை யாரும் திருடன்னு சொல்லலங்க. நீங்கதான் ஸ்டூல் போட்டு ஏறிச் சொன்னீங்க.”

பாக்கி இல்லாத மனுஷன் என்ற ஒரே சொத்தைத்தான் அவர் பன்னிரண்டு வயதிலிருந்து சேர்த்திருந்தார். மெஷின் கிடக்கட்டும், உருளை கிடக்கட்டும். அது போய்விட்டால் தெருவில் சொல்லிக்கொள்ள அவரிடம் கதையே இருக்காது. ஒன்றரை லட்சத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம். திங்கட்கிழமை காலையில் பேங்க் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார்.

“இவ்வளவு ரொக்கமா? என்ன விசேஷம்?” என்றார் பேங்க் குமாஸ்தா.

“வேலையாட்களுக்கு போனஸ். நம்ம கடையில மட்டும்தான் இப்படி.”

“பாக்கி,” என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

செவ்வாய்க்கிழமை அவர் ஒன்பது உறைகளோடு கூடத்துக்கு வந்தார். உறைகள் கொஞ்சம் நல்ல உறைகள், ஓரத்தில் பொன்னிறக் கோடு போட்டவை. மேலே அவரே தன் கையால் ‘அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தார். மகளிடம் எழுத்தைக் கேட்டிருந்தால் அவள் எழுதவே விட்டிருக்க மாட்டாள். அதனால்தான் கேட்கவில்லை. மெஷின்களை நிறுத்தச் சொன்னார். ஒன்பது பேரும் மடிப்பு மேசையைச் சுற்றி வந்தார்கள். ஈரத் துணியின் வெதுவெதுப்பு, சோப்பு வாசனை, யாரோ ஒருத்தியின் இருமல்.

“ஏதோ என்னால முடிஞ்சது,” என்று தொடங்கினார்.

மடிப்பு அக்கா முதல் உறையை வாங்கி, எழுத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். உறையை மேசையில் வைத்து, அவர் பக்கமாக ஒரு விரலால் தள்ளினாள்.

“இது எனக்கு இல்ல போல முதலாளி.”

“உனக்குத்தான். பதினெட்டாயிரம் இருக்கு. எண்ணிப் பாரு.”

“அன்பளிப்புன்னு எழுதியிருக்கு. எனக்கு யாரும் அன்பளிப்பு குடுக்க வேண்டாம். என் கூலி இருந்தா குடுங்க.”

“ரெண்டும் ஒரே பணம்தானே அக்கா?” என்றார். வயதில் சின்னவளான அவளை அவர் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாய் தவறி வந்துவிட்டது.

“ஒரே பணம்னா உறை எதுக்கு? கையில எண்ணிக் குடுங்க. பாக்கி வெச்சவங்க எண்ணித்தான் குடுக்கணும். வாங்குறவ எண்ணக்கூடாது.”

மற்ற எட்டுப் பேரும் உறைக்குக் கை நீட்டவில்லை. முதலாளி பொன்னிறக் கோட்டைப் பார்த்தார். ஒவ்வொரு உறையும் என்ன விலை என்று அவருக்குத்தான் தெரியும். கிழித்தார். நோட்டுக் கட்டை வெளியே எடுத்தார். எல்லாம் ஐந்நூறு. எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கட்டைவிரலால் விசிறிவிட்டு மூன்று மூச்சில் முடித்துவிடுவார். விசிற ஆரம்பித்தார்.

“மெதுவா,” என்றாள் மடிப்பு அக்கா. “எனக்குக் கேக்குற மாதிரி.”

அவள் வலது கையை நீட்டி விரித்தாள். பல வருடம் சூட்டுத் துணியை இழுத்து இழுத்துச் சிவந்து, ரேகையெல்லாம் தேய்ந்து பளபளத்த உள்ளங்கை. முதலாளி தொண்டையைச் செருமினார்.

“ஐந்நூறு,” என்று முதல் நோட்டை வைத்தார். “ஆயிரம். ஆயிரத்தி ஐந்நூறு.”

நாலாயிரத்தில் குரல் இறங்கியது. “கேக்கல,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. ஏற்றிச் சொன்னார். ஒன்பதாயிரத்தில் ஒரு நோட்டோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டது. பிரித்துத் தனித்தனியாக வைத்தார். பன்னிரண்டாயிரம் வந்தபோது நீட்டியே இருந்த அவள் கை கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் மூடவில்லை. முதலாளியின் நெற்றியில் வியர்வை. அதைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

“பதினேழாயிரம். பதினேழாயிரத்தி ஐந்நூறு.”

கடைசி நோட்டை அவர் வைத்தார்.

“பதினெட்டாயிரம்.”

அப்போதுதான் அவள் விரல்கள் மூடின. அவள் நகர்ந்துகொண்டாள். அந்த இடத்தில் அடுத்த கை வந்து விரிந்தது.